டிம்போலா வீட்டின் கோப்பிக் காசு: ஜூலியா மார்கரெட் கமரனும் மலையகமும்

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் வைட் தீவில், ஃபிரெஷ்வாட்டர் என்ற சிற்றூரில், டிம்போலா என்றொரு வீடு இருக்கிறது. இன்று அது புகைப்படக்கலை அருங்காட்சியகம். வீட்டுக்கு அந்தப் பெயர் நம் திம்புள்ளையிலிருந்து போனது. 1860இல் அங்கே குடியேறிய சார்ள்ஸ் ஹே கமரன், திம்புள்ளை, டிக்கோயாப் பக்கங்களில் கோப்பித் தோட்டக் காணிகள் வைத்திருந்தவர். அவருடைய மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் அந்த வீட்டின் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாகவும் நிலக்கரி போடும் அறையை இருட்டறையாகவும் மாற்றிப் படம் எடுக்கத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களுள் ஒருவராக இன்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. 1879 ஜனவரி 26 அன்று அவர் இறந்தது டிக்கோயாவில், கிளென்கெய்ன் தோட்டத்தில். அடக்கம் செய்யப்பட்டது பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில்.

அவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஓர் அலுமாரியை நிறைக்கும். அவற்றில் இலங்கை பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில் வந்து போகிறது. முதுமை, கடன், வெயில், மரணம் என்று சுருங்கிய ஒரு பின்னுரை அது. இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. கமரனின் கலைக்கு முதல் போட்ட இடம் மலையகம். அந்த முதலை உழைத்துக் கொடுத்தவர்கள் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்கள். இதை முன்னால் வைத்துப் படித்தால் அவருடைய வாழ்க்கையும் படங்களும் வேறு விதமாகத் தெரியும்.

பிறப்பிலிருந்தே அவருடைய கதை கடல் கடந்தது. 1815இல் கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பாட்டிலுக்கு மகளாகப் பிறந்தார். தாய் அடலின் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். தாயின் தந்தை ஷெவாலியே தெ லெத்தாங், அரசி மரி அந்துவானெத்தின் அரண்மனையில் ஏவலராக இருந்தவர் என்பது குடும்பத்தார் சொல்லி வந்த பெருமை. அவர் புதுச்சேரிக்கு வந்து, அங்கே குடியிருந்த பிரெஞ்சுக் குடும்பமொன்றின் பெண்ணான தெரேஸ் பிளேனை மணந்தார். ஜூலியா சிறுவயதில் பெரும்பகுதியைக் கழித்தது பிரான்சில், வெர்சாயில் இருந்த இந்தப் பாட்டியின் வீட்டில்தான். ஆங்கிலேயக் கலைஞர் என்று நூல்கள் குறிப்பிடும் ஒருவரின் பார்வை பழக்கப்பட்டது பிரான்சின் ஓவியங்களுக்கும் தேவாலயச் சிலைகளுக்கும் நடுவில் என்பதை அவருடைய படங்களைப் பார்க்கும்போது மறக்கக் கூடாது. அவர் எடுத்த தாய்-சேய் படங்களில் கத்தோலிக்கப் பலிபீடத்து மாதாவின் சாயல் அடிக்கடி தெரியும்.

கணவரை நமக்கு வேறு வழியாகத் தெரியும். சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு படித்த எவரும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவை மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தக் கமரன் இவர்தான். 1830இல் இலங்கைக்கு வந்து நீதித்துறையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது, 1833இல் சட்டநிரூபண சபையும் புதிய நீதிமன்ற முறையும் வந்தன. கட்டாய ஊழியம் போனது நல்லதே. ஆனால் அதே சீர்திருத்தங்கள்தான் முடிக்குரிய காணியைத் தனியாருக்கு விற்கவும், கூலிக்கு ஆள் பிடிக்கவும், கோப்பிப் பயிர் பரவவும் வழி திறந்தன. 1840களின் தொடக்கம் வரை மலைக்காடு ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விலை போனது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்கள் நிறையப் பேர். கண்டிக் கிராமத்தவர் தோட்டக் கூலிக்குப் பெரும்பாலும் வரவில்லை. ஆகவே திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து ஆட்கள் அழைக்கப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. சட்டத்தை எழுதிய கையே பிறகு காணியையும் வாங்கியது என்பதைத் தனி ஒருவரின் பேராசையாகச் சொல்லி முடித்துவிட முடியாது. அந்தக் காலத்து ஆட்சியும் வியாபாரமும் இயங்கிய முறை அது.

1838இல் கல்கத்தாவில் கமரனை மணந்த ஜூலியா, பத்து ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தோடு இங்கிலாந்து சேர்ந்தார். பிள்ளைகள் பலர், விருந்தினர் ஓயாத வீடு, கை நிறையக் கொடுக்கும் குணம். கணவர் மட்டும் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போய் வந்தார். குடும்ப வருமானம் பெரிதும் கோப்பியை நம்பியிருந்தது. கோப்பி நன்றாக விளைந்த ஆண்டில் வீட்டில் செழிப்பு, விலை விழுந்த ஆண்டில் நண்பர்களிடம் கடன். 1863 டிசம்பரில், கணவர் ஊரில் இல்லாத தனிமையைப் போக்க மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48.

அந்தக் காலத்துப் புகைப்பட வேலை உடம்பை வருத்தும் வேலை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றிச் சீராகப் பரப்ப வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் அதை முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே இருட்டறைக்கு ஓடி விளக்கிக் கழுவ வேண்டும். தூசி ஒரு பொட்டு விழுந்தாலும் தட்டில் நிற்கும். கழுவுவதற்கு வாளி வாளியாகத் தண்ணீர் வேண்டும். கைவிரல்களும் உடுப்பும் கறுத்துப்போகும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருந்தாக வேண்டும். கமரன் குவியத்தைக் கூர்மையாக வைக்கவில்லை. முகத்தை மிக நெருக்கத்தில், பக்கவாட்டு ஒளியில், மெல்லிய மங்கலோடு எடுத்தார். புகைப்படச் சங்கத்தார் இதைக் கைத்திறன் குறைவு என்று ஏளனம் செய்தார்கள். ஆனால் அவர் எடுத்த வானியலாளர் ஹெர்ஷல், கார்லைல், டார்வின் ஆகியோரின் முகங்களைத்தான் உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

நூலுக்குப் படம் போடும் வேலை அவரிடம் வந்தது 1874இல். பக்கத்து வீட்டுக்காரரான கவிஞர் டெனிசன், ஆர்தர் அரசன் கதைகளைச் சொல்லும் தன் காவியத்தின் புதிய பதிப்புக்குப் படங்கள் கேட்டார். அதே காவியத்துக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1867–68இல், பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே படங்கள் வரைந்திருந்தார். கோட்டைகள், பாறைகள், வானளாவிய மரங்கள், அவற்றின் அடியில் எறும்பளவு மனிதர்கள். ஐரோப்பா முழுவதும் தோரேயின் பெயர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கமரன் நேர் எதிர்த் திசையில் போனார். கோட்டையும் காடும் அவரிடம் பெயரளவுக்குத்தான். திரைச்சீலை, இரவல் கவசம், காகித நிலா. முழுப் பாரமும் முகத்தின் மேல். வேலைக்காரப் பெண்களும் அயலவர்களும் அரசிகளாக நின்றார்கள். வெண்தாடிக் கணவர் மந்திரவாதி மெர்லினாக நின்றார். ஒரு படத்துக்காகத் தட்டுத் தட்டாக எடுத்துத் தள்ளினார். பதிப்பாளரோ படங்களைச் சின்ன மரச்செதுக்குகளாக்கிப் போட்டுவிட்டார். பொறுக்காத கமரன், 1874 கடைசியிலும் 1875லும் தன் செலவில் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். அசல் புகைப்படங்கள் ஒட்டப்பட்டு, எதிர்ப்பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே கவிதை வரிகள் கல்லச்சில் பதிந்த நூல் அது. புகைப்படத்தால் ஒரு காவியத்துக்கு உரை எழுத முடியும் என்று அவ்வளவு தீவிரமாக நம்பியவர் அவருக்கு முன் எவரும் இல்லை. தோரேயின் கற்பனை வளம் பெரிதுதான். ஆயினும் ஒரு பாத்திரத்தின் துயரம் பார்ப்பவரைத் தொட வேண்டுமென்றால் கமரனின் பக்கங்களைத்தான் நான் புரட்டுவேன்.

அந்தத் தொகுதிகள் பணம் தரவில்லை. கோப்பியும் தரவில்லை. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போலக் கண்டுபிடிக்கப்பட்ட நோய் மெல்ல மெல்லத் தோட்டம் தோட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடிப்பதற்கு இன்னும் நாள் இருந்தது. 1875 அக்டோபரில் கமரன் குடும்பம் கப்பலேறியது. சவப்பெட்டிகள் இரண்டைப் பாத்திர பண்டங்களால் நிரப்பிக் கொண்டுபோனார்கள் என்ற கதையை எல்லா நூல்களும் சொல்கின்றன. கடலுக்கு அப்பால் இருந்தபடியே தோட்டத்தின் வருமானத்தில் வாழ்ந்த ஒரு வீடு, வருமானம் வற்றியதும் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது என்பது அந்த நூல்களில் அழுத்தம் பெறாத செய்தி.

மகன் ஹார்டிஞ்ச் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த களுத்துறையில் கடலோர வீட்டிலும், இன்னொரு மகன் நடத்திய மலைத் தோட்டத்திலுமாகக் கமரன் இருந்தார். இங்கே அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் பன்னிரண்டு ஆண்டில் ஆயிரத்துக்கும் மேல் எடுத்தவர் அவர். இரசாயனங்கள் வந்துசேர மாதங்கள் ஆகும், வெக்கையில் கொலோடியன் சீக்கிரம் காயும், நல்ல தண்ணீர் தட்டுப்பாடு என்று ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் சரியானவையே.

அந்தப் படங்களில் மிகவும் அறியப்பட்டது 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் குழு. மரங்களின் இலைகளுக்கு முன்னால் மூன்று பேர். ஒரு சிறுமி, தாடி வைத்த ஒரு முதியவர், இன்னொரு ஆண். கமரன் தன் கையால் எழுதிய குறிப்பு, சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தன்னை அவளுடைய தந்தை என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்லிக்கொள்வதாகவும் கூறுகிறது. வயது எழுதப்பட்டிருக்கிறது, உறவு எழுதப்பட்டிருக்கிறது. பெயர் எழுதப்படவில்லை. முதியவர் சொன்னதைத் தான் நம்பவில்லை என்ற தொனியும் அந்தக் குறிப்பில் தெரிகிறது. மற்றப் படங்களிலும் இதுவே நிலை. தலைப்பில் இனம் அல்லது நாடு மட்டும் இருக்கும். வீட்டு வேலையாட்களும் தோட்டத் தொழிலாளரும், சிங்களவரும் தமிழரும் அவற்றில் கலந்து இருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற முடிவு. தலைப்போ பெரும்பாலும் எல்லோரையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது.

1877இல் களுத்துறை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த தாவர ஓவியர் மரியான் நார்த் தன் நினைவுக்குறிப்பில் ஒரு செய்தி சொல்கிறார். ஒரு மனிதனின் முதுகு அழகில் மயங்கிய கமரன், தோட்டமே இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக அமர்த்தியிருந்தாராம். நார்த் இதை வேடிக்கையாக எழுதுகிறார். எனக்கு அதில் இரண்டும் தெரிகின்றன. ஓர் உழைப்பாளியின் முதுகில் சிற்ப அழகைக் கண்டது அந்தக் காலத்து வெள்ளைத் துரைசானிகள் வேறு யாருக்கும் வாய்க்காத கண். அந்த முதுகுக்கு உரியவன் யார் என்று கேட்கத் தோன்றாதது அந்தக் காலத்து எல்லாத் துரைசானிகளுக்கும் பொதுவான குறை.

இதைக் காலத்தின் வழக்கம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. காரணம், இங்கிலாந்தில் அவர் அப்படிச் செய்யவில்லை. அங்கே மாதாவாக நின்ற பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர் நமக்குத் தெரியும். மேரி ரயன் கதை இன்னும் வியப்பானது. தாயோடு தெருவில் பிச்சை எடுத்த அயர்லாந்துச் சிறுமியான அவளைக் கமரன் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்தார். அவளுடைய படத்தைக் கண்காட்சியில் பார்த்து மனம் பறிகொடுத்த இளைஞர் ஹென்றி காட்டன் தேடி வந்து 1867இல் அவளை மணந்தார். பின்னாளில் 1904ஆம் ஆண்டு பம்பாய் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சர் ஹென்றி காட்டன் அவர்தான். 1868இல் போரில் தந்தையை இழந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அபிசீனிய இளவரசன் அலமாயுவையும் கமரன் படம் எடுத்தார். அவனுக்கும் பெயர் உண்டு, அவனுடைய பணியாளுக்கும் உண்டு. ஆக, ஏழை என்பதாலோ கறுப்பு நிறம் என்பதாலோ மட்டும் பெயர் விடுபடவில்லை. களுத்துறையிலும் டிக்கோயாவிலும் கமரன் எஜமானின் மனைவியாக நின்றார். தோட்டக் கணக்குப் புத்தகத்தில் கூலிக்காக எழுதப்பட்ட பெயர், படத்தின் அடியில் எழுதத் தக்கதாக அவருக்குப் படவில்லை.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் முகத்தருகே போன கமரா இங்கே பல படங்களில் பின்னுக்கு நகர்கிறது. இடுப்புவரை, அல்லது முழு உருவம். மொழி தெரியாத இடைவெளி அதில் இருக்கலாம், வெளியில் எடுக்க வேண்டியிருந்ததும் காரணமாகலாம். அப்படியும், அந்த முகங்கள் கடைச்சரக்காக மாறவில்லை. அதே ஆண்டுகளில் ஸ்கீன் கம்பனியும் சார்ள்ஸ் ஸ்கோவனும், பின்னர் நுவரெலியாவில் கிளை வைத்திருந்த பிளாட்டே நிறுவனமும் விற்ற படங்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே தமிழ்ப் பெண் என்றால் நகையும் கூடையும். வெளிநாட்டுப் பயணி ஊருக்கு எடுத்துப் போகும் நினைவுப்பொருள். புத்தக ஓவியர்களும் அப்படித்தான். புதுச்சேரியிலிருந்து கொழும்புக்கு வந்த ஹிப்போலித் சில்வாஃப் இனம் இனமாக, உடை உடையாக மக்களை வரைந்தார். 1881 வாக்கில் வந்த ஹமில்டன், ஃபாசன் இருவரின் தோட்டக் காட்சிகள் தொகுப்பில் துரைமார் வாழ்க்கையே கதை. தொழிலாளர் அதில் வேடிக்கைக்கு வந்து போகிறார்கள். இவற்றின் நடுவே கமரனின் படங்களில் இருப்பவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள், அல்லது வேண்டுமென்றே வேறெங்கோ பார்க்கிறார்கள். சிரிக்கச் சொல்லி யாரும் அவர்களைச் சிரிக்க வைக்கவில்லை. அந்தக் கனம் கமரனின் கொடை. அதை மறுப்பது நியாயமாகாது.

அந்தக் கனத்துக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். கமரன் இலங்கையில் இருந்த ஆண்டுகள் 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தின் ஆண்டுகள். சென்னை மாகாணம் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. 1877இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக்கு வந்தார்கள். கோப்பி சரிந்துகொண்டிருந்த நேரம். கூலி மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்த தோட்டங்கள் பல. அக்கரையில் வில்லோபி ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி பஞ்சத்தில் சாகக் கிடந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். இக்கரையில் கமரன் பசி தெரியாத, அழகு தெரிகிற படங்களை எடுத்தார். இரண்டு கரையின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த நூல் எதையும் நான் பார்த்ததில்லை. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு அது அவசியமான வேலை.

ஆய்வுகளின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1926இல் கமரனின் படத்தொகுப்புக்கு முன்னுரை எழுதிய வெர்ஜீனியா வுல்ஃப் அவருடைய தங்கையின் பேத்தி. சவப்பெட்டிக் கதையும், சாகும்போது வானத்தைப் பார்த்து அழகு என்று சொன்னதாக வரும் கதையும் பரவியது பெரிதும் அவரால். 1948இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் எழுதிய நூல் உருவப்படங்களைத் தூக்கி வைத்து, டெனிசன் படங்களைக் கீழே போட்டது. பிறகு வந்த பெண்ணிய ஆய்வாளர்கள் அந்தத் தீர்ப்பை மாற்றினார்கள். ஜூலியன் காக்ஸும் கொலின் ஃபோர்டும் 2003இல் எல்லாப் படங்களையும் தொகுத்துப் பட்டியலிட்டார்கள். ஜெஃப் ரோசன் 2016இல், ஆர்தர் கதைப் படங்களையே பேரரசின் அரசியலோடு சேர்த்து வாசித்தார். இலங்கையில் இஸ்மத் ரஹீமும் பெர்சி கொலின் தோமேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களைத் தொகுத்து வெளியிட்ட நூல் பெரிய பணி. ஆயினும் தமிழில் இந்தப் படங்களைப் பற்றிய விரிவான வாசிப்பு நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

1879இல் புகையிரதம் நாவலப்பிட்டி வரைதான் வந்திருந்தது. ஹட்டனுக்கு வந்தது 1884இல். டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்த கமரனின் உடலை மாட்டு வண்டியில் பொகவந்தலாவைக்குக் கொண்டுசென்றார்கள். அடுத்த ஆண்டு கணவரும் அதே வளவில் அடக்கமானார். கிளென்கெய்ன் என்ற பெயர் இன்று நம் மக்களுக்குத் தெரிவது கிளங்கன் ஆதார வைத்தியசாலையால். 2017இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த அதே வைத்தியசாலை. பிள்ளைப்பேற்றுக்கும் அட்டைக்கடிக்கும் முறிவுக்கும் அங்கே போகிறவர்களுக்கு, அந்தப் பெயர் கொண்ட தோட்டத்தில் ஒரு பெரும் கலைஞர் இறந்தார் என்று எந்தப் பாடநூலும் சொல்லித் தந்ததில்லை.

தங்களைத் தாங்களே வரையும் தலைமுறை இப்போது மலையகத்தில் வந்திருக்கிறது. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம், அருள்ராஜ் உலகநாதன் போன்றவர்களின் படைப்புகளில் லயனும் தேயிலையும் பெண்ணுடலும் உள்ளிருந்து பேசப்படுகின்றன. கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில், பழைய லயன் அறைகளிலேயே 2007இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் நம் முன்னோரின் கருவிகளையும் பாத்திரங்களையும் ஆவணங்களையும் காத்து வருகிறது. கமரனின் இலங்கைப் படங்கள் வந்து சேர வேண்டிய இடம் அது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் லொஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகமும் அவருடைய படங்களை இணையத்தில் பார்க்கத் தருகின்றன. கெட்டி பலவற்றை இலவசமாகவே பதிவிறக்க விடுகிறது. நல்ல பிரதிகள் எடுத்துச் சட்டமிட்டு மாட்டப் பெரும் செலவில்லை. ஒவ்வொன்றின் கீழும் கமரன் எழுதிய தலைப்பையும், அது எடுக்கப்பட்ட ஊரையும் ஆண்டையும், அந்த ஆண்டில் கோப்பி என்ன விலை போனது, அக்கரையிலிருந்து எத்தனை பேர் வந்து இறங்கினார்கள் என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கலாம். பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயாப் பாடசாலைகளின் சித்திர ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்து வந்து அவற்றின் முன் நிறுத்தலாம்.